கடுதாசி என்னும் பிதுரார்ஜித சொத்து

(சாமராஜநகரில் நடைபெற்ற நமது சங்க உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தபாலைப் பற்றிப் பேசுங்கள் ஸார், நீங்கள்தான் அதிலேயே ஊறினவர்" என்று செயலாளர் என்னை அழைத்தார். போனில்தான் அழைத்தார்! முன்பெல்லாம் நம் சங்கக் கூட்டத்துக்கு ஒரு போஸ்ட் கார்டு வரும். "அவசியம் சகுடும்பம் வந்திருந்து கௌரவிக்க வேணும்" என்று கையால் எழுதியிருக்கும். ஐம்பது கார்டும் ஒரே கையெழுத்து. முதல் கார்டில் எழுத்து குண்டு குண்டாக இருக்கும், ஐம்பதாவது கார்டில் செயலாளரின் கை வலி தெரியும். நமக்கு எந்த வரிசையில் எழுதினார் என்பதை வைத்து நம் அந்தஸ்தைத் தெரிந்துகொள்ளலாம்.

நான் 1971ல் தபால் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மைசூரில் இருந்த மாமா வீட்டுக்கு வந்து, பரீட்சை எழுதி, உத்தியோகம் கிடைத்தது. அப்போது இந்த ராஜ்யத்துக்கு மைசூர் என்றுதான் பெயர். 1973 நவம்பர் 1ஆம் தேதிதான் கர்நாடகம் ஆயிற்று. என் அம்மா மட்டும் கடைசிவரை "மைசூர் ஸ்டேட்" என்றே எழுதினாள். நாங்களும் ஒழுங்காகப் பட்டுவாடா செய்தோம். 2009ல் ரிடையர் ஆனேன். முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்களின் கடிதங்களைத் தொட்ட கை இது. அந்த யோக்கியதையில் பேசுகிறேன்.

முதலில் நம் மண்ணின் பெருமை. தபால் என்றால் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மைசூர் ராஜ்யத்துக்குச் சொந்தமாக ஒரு தபால் இருந்தது. அதன் பெயர் "அஞ்சே". 1673 முதல் 1704 வரை ஆண்ட சிக்கதேவராஜ உடையார் காலத்தில் அது ஏற்பட்டது. ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி ராஜாவின் ஓலைகளைக் கொண்டுபோவார்கள். அதோடு இன்னொரு வேலையும் அவர்களுக்கு உண்டு: எந்த ஊரில் என்ன நடக்கிறது, எந்த அதிகாரி என்ன செய்கிறான் என்று ராஜாவுக்குச் சேதி சொல்வது. ஆகவே தபால்காரருக்கு ஊர் விஷயம் எல்லாம் தெரியும் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதற்கு முந்நூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. 1889ல்தான் இந்த அஞ்சே, பிரிட்டிஷ் இந்தியத் தபாலோடு இணைந்தது. திருவாங்கூரின் "அஞ்சல்" இன்னும் கெட்டி. சுதந்திரத்துக்குப் பிறகும் நடந்து 1951ல் இணைந்தது. இன்றைக்கும் கன்னடத்தில் "அஞ்சே கச்சேரி", தமிழில் "அஞ்சலகம்". வாசலில் மணியடித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் "அஞ்சேயண்ணா பந்தா" என்று ஓடுவார்கள். கன்னடத்தில் அஞ்சே என்றால் அன்னப்பறவை என்றும் ஒரு அர்த்தம் உண்டு. ஹம்ஸம் என்ற சொல்லின் திரிபு. நளனுக்கும் தமயந்திக்கும் நடுவே தூது போனது எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு சொல்லும் ஒன்றா என்று பண்டிதர்கள் தீர்மானிக்கட்டும். கேட்க இனிமையாக இருக்கிறது, அவ்வளவு போதும்.

சாமராஜநகரும் விலாசம் மாறின ஊர்தான். இதன் பழைய பெயர் அரிகுட்டாரம். மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் தகப்பனார் சாமராஜ உடையார் பிறந்த ஊர் என்பதால், 1818ல் மகன் தந்தையின் பெயரை ஊருக்கு வைத்தார். சாமராஜேஸ்வரர் கோயிலையும் கட்டினார். பக்கத்தில் கொள்ளேகாலம் இருக்கிறதே, அது 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை சென்னை ராஜ்யத்தில் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஒருநாள் ராத்திரி தூங்கி எழுந்தபோது ஊர் அதே இடத்தில், விலாசம் மட்டும் மைசூர் ராஜ்யம். அந்த வீடுகளில் பழைய கடிதங்கள் யாரிடமாவது இருந்தால், ஒரே வீட்டுக்கு இரண்டு ராஜ்யங்களின் பெயரோடு வந்த கவர்களைப் பார்க்கலாம். மாநிலச் சீரமைப்பைப் பற்றிப் புத்தகம் படிப்பதைவிட அந்த இரண்டு கவர்களைக் கையில் வைத்துப் பார்ப்பது நன்றாகப் புரியும்.

திம்பம் மலைப்பாதையில் இறங்கிச் சத்தியமங்கலம் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். நம் ஊர் பின்கோடு 571313. மலைக்கு அந்தப் பக்கம் 638 என்று ஆரம்பிக்கும். முதல் எண் 5 என்றால் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம். முதல் மூன்று எண்கள் கடிதத்தைச் சார்ட்டிங் ஜில்லாவுக்குக் கொண்டுவரும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் ஆபீசைச் சொல்லும். இது 1972 ஆகஸ்டு 15ல் வந்தது. ஒரே பெயரில் பத்து ஊர், பத்து பாஷையில் விலாசம் என்று நாங்கள் தவித்த காலம் அது. இதை வகுத்துக் கொடுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். தபால் இலாகாவின் பெரிய அதிகாரி, அதைவிடப் பெரிய சமஸ்கிருதக் கவி. நாடகங்கள் எல்லாம் சமஸ்கிருதத்தில் எழுதியவர். பாஷைகளின் அழகு தெரிந்தவர்தான் பாஷையே தேவைப்படாத ஒரு விலாசத்தைக் கண்டுபிடித்தார்.

இனி கையெழுத்துக்கு வருகிறேன்.

நம் வீட்டுக் கடிதங்களுக்கு ஒரு சாஸ்திரம் இருந்தது. உச்சியில் பிள்ளையார் சுழி, அல்லது "ஸ்ரீராமஜெயம்". வலது மூலையில் ஊரும் தேதியும். சின்னவர்களுக்கு "சிரஞ்சீவி", "சௌபாக்கியவதி", பெரியவர்களுக்கு "அநேக நமஸ்காரம்". "இங்கு யாவரும் க்ஷேமம், அங்கு யாவரும் க்ஷேமமா? உபயகுசலோபரி" என்ற பிறகுதான் விஷயம். கல்யாணக் கடுதாசிக்கு நாலு மூலையிலும் மஞ்சள். மரணச் சேதி வந்த கார்டை வீட்டுக்குள் கொண்டுவரமாட்டார்கள். வாசலிலேயே படித்து, கிழித்துப் போட்டுவிட்டு ஸ்நானம் செய்வார்கள். ஆவணி அவிட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் கவர்கள் கொஞ்சம் உப்பலாக வரும். உள்ளே பூணூல். மகன் டில்லியிலோ பம்பாயிலோ இருப்பான். கோயில் குங்குமம் சிந்தின கவர்களால் எங்கள் மேஜையே சிவந்திருக்கும். வந்த கடிதம் படித்தானதும் வளைந்த கம்பியில் குத்தி மாட்டப்படும். அந்தக் கம்பிதான் குடும்பத்தின் ஆவணக் காப்பகம்.

இவையெல்லாம் வெறும் பழங்கதை என்று பின் வரிசை நினைக்கலாம். ஆகவே மூன்று உதாரணம் சொல்கிறேன். மூன்றிலும் தமிழர் கை இருக்கிறது.

முதலாவது மைசூரிலேயே நடந்தது. அங்கே ஓரியண்டல் லைப்ரரி என்று 1891ல் தொடங்கிய நூலகம் இருக்கிறது, இப்போது ஓரியண்டல் ரிசர்ச் இன்ஸ்டிடியூட். 1905ல் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் அங்கே ஒரு ஓலைக்கட்டைக் கொடுத்தார். கிரந்த எழுத்தில் எழுதியிருந்தது. நூலகராக இருந்த ருத்ரபட்டணம் சாமசாஸ்திரி அதைப் பிரித்துப் படித்துப் பார்த்தால், கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்! பெயரை மட்டும் கேள்விப்பட்டு, நூல் அழிந்துபோயிற்று என்று உலகமே கைவிட்டிருந்த நூல். 1909ல் மூலத்தை அச்சிட்டார், 1915ல் ஆங்கில மொழிபெயர்ப்பு புத்தகமாக வந்தது. இந்திய அரசியல் சிந்தனையின் சரித்திரத்தையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று. யோசித்துப் பாருங்கள். ஓலை நிரந்தரம் அல்ல. பூச்சி அரிக்கும், ஒடியும். ஆகவே தலைமுறைக்கு ஒருவர் உட்கார்ந்து எழுத்தாணியால் மறுபடி பிரதி எடுத்தால்தான் நூல் பிழைக்கும். பெயர் தெரியாத யாரோ ஒருவர், காவிரிக்கரையில் ஏதோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து கீறின எழுத்து அது. அந்த மனிதர் "நமக்கு என்ன வந்தது" என்று இருந்திருந்தால், சாணக்கியர் நமக்கு வெறும் பெயர்தான்.

இரண்டாவது, 1913 ஜனவரி 16. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் வரிவரியாகத் தேற்றங்கள். சிபாரிசு இல்லை, பட்டம் இல்லை, நேரில் பார்த்ததும் இல்லை. ஒரு கவரும் தபால்தலையும்தான். பிப்ரவரி 8ஆம் தேதி ஹார்டி பதில் எழுதினார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சீமையிலிருந்து நோயாளியாகத் திரும்பி, 1920 ஜனவரி 12ஆம் தேதி ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் புதிதாக ஒரு வகைச் சார்புகளைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். மூன்று மாதத்தில் போய்விட்டார். அந்தக் கடிதம் தொட்டுச் சென்ற கணக்குகள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியைப் பிரித்தார். நூற்றுக்கு மேற்பட்ட தாள்கள், தலைப்பு இல்லை, விளக்கம் இல்லை. ராமானுஜனின் கையெழுத்தும், கடைசிக் கடிதத்தில் இருந்த அதே சார்புகளும் அங்கே இருந்தன. ஐம்பத்தாறு வருஷம் தாள் பேசாமல் காத்திருந்தது.

மூன்றாவதும் மைசூர்தான். ஆர்.கே. நாராயண் தம் முதல் நாவலை எழுதிப் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் தபாலில் அனுப்பினார், எல்லாம் திரும்பி வந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பருக்கு, "இதில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு" என்ற மாதிரி எழுதிவிட்டார். நண்பர் அப்படிச் செய்யாமல் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். 1935ல் "ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்" வெளிவந்தது. நாராயணஸ்வாமி என்ற பெயரைச் சுருக்கிக்கொள்ளச் சொன்னதும் கிரீன்தான். அதற்கப்புறம் இரண்டு பேரும் கடிதத்திலேயே நட்பை வளர்த்தார்கள். நேரில் முதன்முதலாகச் சந்தித்தது 1956ல்! இருபது வருஷ சிநேகிதத்தைத் தபால்காரர் ஒருவரே சுமந்தார். நாராயண் அந்தக் கடனை மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவருடைய மால்குடிக் கதை ஒன்றில் தாணப்பா என்று ஒரு தபால்காரர் வருகிறார். ஒரு பெண்ணின் கல்யாணம் தடைப்படக் கூடாதென்று துக்கச் சேதியைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறார். இலாகா விதிப்படி அது குற்றம். முப்பத்தெட்டு வருஷம் ஸர்வீஸ் போட்ட நான், அந்தக் கதையைப் படித்து அவர்மேல் ரிப்போர்ட் எழுத மனசில்லாமல் புத்தகத்தை மூடினேன்.

உ.வே. சாமிநாதையரைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஏடு தேடி ஊர் ஊராகப் போனவர் என்று அவரைப் புகழ்கிறோம். போகாத ஊர்களுக்கெல்லாம் அவர் கடிதம் போயிற்று. பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் அவருக்குத் தமிழிலேயே எழுதினார். ஐயர் தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். அதனால்தான் அவை இன்று புத்தகமாக வர முடிகிறது. ஏட்டைக் காப்பாற்றினவருக்குக் கடுதாசியும் ஓர் ஏடுதான் என்று தெரிந்திருந்தது.

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1978ல் நான் ஒரு சிற்றூர் ஆபீசில் கவுண்டரில் இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது 280 ரூபாய் குறைந்தது. நோட்டுக்கட்டை எண்ணும்போது நான் செய்த தப்பு. வேறு யாரையும் சொல்ல முடியாது. என் சம்பளத்தில் பாதிக்கு மேல். கடன் வாங்கிக் கட்டிவிட்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம், வீட்டில் முதல் பிரசவ சமயம். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அந்த வாரமும் வழக்கம்போல அம்மாவுக்குக் கார்டு எழுதினேன். "இங்கு யாவரும் க்ஷேமம். மழை பரவாயில்லை."

பத்து நாளில் அதே கவுண்டருக்கு என் பெயரில் ஒரு மணியார்டர் வந்தது. 50 ரூபாய். அனுப்பியவர் அம்மா. தபால்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினார், "ஸாருக்கே மணியார்டரா?" என்று. கீழே கூப்பனில் சேதி எழுதக் கொஞ்சம் இடம் இருக்குமே, அதில் அம்மா எழுதியிருந்தாள்: "உன் வரி எப்போதும் வலது பக்கம் ஏறிப் போகும். இந்தத் தடவை இறங்குகிறது. என்ன கஷ்டம் என்று கேட்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாது."

நான் எழுதின வார்த்தை எல்லாம் பொய். எழுத்து பொய் சொல்லவில்லை. நாலாம் வகுப்பு வரை படித்தவள், நானூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து அதைப் படித்துவிட்டாள்.

அந்தக் கூப்பன் எங்கே என்று கேட்பீர்கள். 1996ல் அம்மா போய்விட்டாள். 2003ல் நாங்கள் வீடு மாறினோம். பரண்மேல் இரண்டு சாக்குக் கடிதம். கம்பியோடு கம்பியாக, முப்பது வருஷத்துச் சரக்கு. புது வீட்டில் பரண் இல்லை. பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டேன். 11 கிலோ. அவர் கொடுத்த காசில் சாமான் ஏற்றினவர்களுக்குக் காபி வாங்கிக்கொடுத்தேன். ஊரார் கடிதம் ஒன்று தவறினால் விசாரணை, விளக்கம், மெமோ என்று நடத்தினவன், என் தாயின் கடிதங்களை நானே தராசில் வைத்தேன். யார்மேலும் புகார் சொல்ல வழியில்லை.

ஒரே ஒரு கார்டு தப்பியது. ராமாயணப் புத்தகத்தில் சுந்தர காண்டத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். 1996 ஜனவரியில் அம்மா எழுதினது. விசேஷமாக ஒன்றும் இல்லை. வடுமாங்காய் இன்னும் வரவில்லை, காபிப் பொடி தீர்ந்துவிட்டது, வருகிறவர்கள் யாரிடமாவது அனுப்பு, நான் சௌக்கியம். மார்ச்சில் போய்விட்டாள். பொடி அனுப்பினேனா என்று எனக்கு ஞாபகமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பெங்களூரிலிருந்து பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். பதினோரு வயது. அந்தக் கார்டு அவள் கையில் அகப்பட்டது. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், கன்னடம், ஹிந்தி. ஆகவே அவள் கார்டைப் படிக்கவில்லை, ஒரு படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "தாத்தா, இந்தப் பாட்டிக்குக் கை நடுங்குமா?"

வாங்கிப் பார்த்தேன். வட்டமெல்லாம் கோணல். கீழே வரவர எழுத்து பெரிதாகி, கடைசி வரி ஓரத்துக்கு வெளியே போகப் பார்க்கிறது. "நான் சௌக்கியம்" என்ற இடத்தில்தான் நடுக்கம் அதிகம். இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கார்டு என் புத்தகத்தில் இருந்தது. நூறு தடவை புரட்டியிருப்பேன். மாங்காயையும் காபிப் பொடியையும் படித்தேன், அவள் கையைப் படிக்கவில்லை. அவள் என் கையைப் படித்தாளே!

அன்பர்களே, நம் சமூகத்தில் இன்று இதுதான் நிலைமை. எழுத்து தெரிந்த நமக்குப் பார்க்கத் தெரியவில்லை. பார்க்கத் தெரிந்த குழந்தைகளுக்கு எழுத்து தெரியவில்லை. சாமராஜநகரிலும் மைசூரிலும் உள்ள நம் வீடுகளில், தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை இந்த ஹாலில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. கன்னடம் நமக்குச் சோறு போடும் பாஷை. அதைக் குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் கொள்ளுப்பாட்டியின் கடிதத்தை அர்த்தசாஸ்திர ஓலை மாதிரி ஒரு பண்டிதரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நாள் வெகு தூரத்தில் இல்லை.

தபாலும் நமக்காகக் காத்திருக்காது. தூரம் எவ்வளவானாலும் ஒரே கட்டணம் என்ற முறை இந்த நாட்டில் 1854 அக்டோபரில் வந்தது. காலணா போஸ்ட் கார்டு 1879 ஜூலை 1ல் வந்தது. இன்லேண்ட் லெட்டர் 1950 அக்டோபர் 2, காந்தி ஜயந்தியன்று. ஒவ்வொன்றாக வந்த மாதிரியே ஒவ்வொன்றாகப் போகின்றன. தந்தி 2013 ஜூலையில் நின்றது. நான் சொன்னேனே, அந்தப் பழைய மணியார்டர், அது 2015ல் போயிற்று. ரிஜிஸ்தர் தபாலை 2025ல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். டென்மார்க்கில் 1624ல் ஆரம்பித்த தபால், நானூறு வருஷத்துக்குப் பின் 2025 முடிவோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திக்கொண்டது, சிவப்புப் பெட்டிகளைக்கூட எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் இன்னும் சுமார் 1,64,000 தபாலாபீஸ்கள் இருக்கின்றன, பத்தில் ஒன்பது கிராமங்களில். சேமிப்புக் கணக்கு, ஆதார், பென்ஷன் என்று அவை பிழைத்துக்கொள்ளும். அது நல்லதே. கடிதம் பிழைப்பது இலாகாவின் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது.

வேகத்தை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையின் முகத்தைத் தினமும் பார்க்கிறோம். என் அம்மாவுக்கு அது கிடைத்திருந்தால் அவள் ஒரு கார்டுகூட எழுதியிருக்கமாட்டாள், எனக்கும் அவள் உடம்பு தெரிந்திருக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போனில் பேசினது பேசினதோடு போயிற்று. பேசினவர் போனபின் எடுத்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. கையால் எழுதினால் மூளைக்கும் நல்லது என்கிறார்கள். நார்வேயில் 36 மாணவர்களை வைத்துச் செய்து 2024ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விசைப்பலகையில் தட்டுவதைவிடக் கையால் எழுதும்போது மூளையின் பல பகுதிகள் சேர்ந்து வேலை செய்வது தெரிந்ததாம். ஸ்ரீராமஜெயம் லட்சம் எழுதின நம் பாட்டிமார்களுக்கு இதற்கு மின்முனைத் தொப்பி தேவைப்படவில்லை.

பேத்தி ஊருக்குப் போனபின் வாரம் ஒரு கார்டு அவளுக்கு எழுத ஆரம்பித்தேன். நாலு வரி, பெரிய எழுத்தில், தமிழில். முதல் மூன்று கார்டும் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுப் பெட்டியில் கிடந்தன. அந்தப் பெட்டியைத் திறக்கும் வழக்கமே அங்கே யாருக்கும் இல்லை. நாலாவது கார்டுக்குப் பதில் வந்தது. தமிழ்தான், ஆனால் கன்னட எழுத்தில்! "தாத்தா சௌக்கியமா" என்பதைக் கன்னட லிபியில் படித்தபோது சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிற்று. பிறகு ஒவ்வொரு கார்டிலும் இரண்டு மூன்று தமிழ் எழுத்து புகுந்துகொண்டது. "ழ" இன்னும் அவளுக்குச் சரியாக வரவில்லை, குப்புறக் கவிழ்ந்து கிடக்கிறது. திருத்தவில்லை. அவளுடைய "ழ" எது என்று எனக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

முடிக்குமுன் சில விண்ணப்பங்கள்.

வீட்டில் பழைய கடிதம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். கம்பியில் குத்தியிருந்தால் மெதுவாகக் கழற்றிவிடுங்கள், துரு தாளைத் தின்றுவிடும். லாமினேஷன் செய்யாதீர்கள், அது காகிதத்துக்குச் சமாதி. வெயிலும் ஈரமும் படாத பெட்டியில் போதும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எழுதினவர் யார், யாருக்கு, எந்த ஊர், எந்த வருஷம் என்று தனித்தாளில் குறித்துவையுங்கள். உங்களுக்கு "அத்திம்பேர்" என்றால் யார் என்று தெரியும். உங்கள் பேரனுக்குத் தெரியாது.

கடிதங்களைப் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கு மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க நான் தயார். செயலாளர் இடம் கொடுத்தால் போதும். பாடப்புத்தகம் வேண்டாம், அவரவர் வீட்டுக் கடிதத்தையே கொண்டுவரட்டும். அந்த எழுத்தை யார் எழுதினார் என்று தெரிந்து படித்தால் சீக்கிரம் வரும். தபால் இலாகா 2017 முதல் கடிதம் எழுதும் போட்டி நடத்திவருகிறது, நம் குழந்தைகளை அதில் சேருங்கள்.

கடைசியாக, வாசலில் இருபது போஸ்ட் கார்டு வைத்திருக்கிறேன், என் செலவில். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, உங்களுக்குப் பின்னும் யார் கையில் உங்கள் எழுத்து இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அவர்களுக்கு எழுதுங்கள். க்ஷேமம் என்று எழுதினால் போதும். வாங்குகிறவர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள்.